மறு: 'மேஷ்' என்பதற்குத் தமிழில் 'துழவை'

நண்பர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் குடிபோன நம் உறவுக்காரர்களுக்காக எழுதிவரும் வீட்டு பியர்க் கையேடு, மூன்றாம் அத்தியாயத்தில் 'மேஷ்' என்ற இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. உடைத்த மால்ட்டை வெந்நீரில் கலந்து சூட்டில் வைக்கும் கட்டத்துக்கும் அந்தக் கலவைக்கும் அதுதான் பெயர். முதல் இரண்டு அத்தியாயங்கள் டப்பாவில் வரும் மால்ட் பாகைக் கரைத்துக் காய்ச்சுவதைப் பற்றியவை. அதற்குப் 'பாகுவழி' என்று வைத்தோம், யாரும் மறுக்கவில்லை. அடுத்த கட்டம், பாகை விட்டுவிட்டு முளைகட்டிக் காயவைத்த பார்லியிலிருந்தே, அதாவது மால்ட்டிலிருந்தே தொடங்குவது. 'முழுதானிய முறை' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் முழுதானியம் என்றால் தவிடு நீக்காதது என்று மளிகைக் கடைவரை பழகிவிட்டது. 'தானியவழி' போதும்.

சரி, மேஷுக்கு வருவோம்.

> ஊறல் என்று ஒரு சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

கடலூர் நண்பரே, ஊறல் நல்ல சொல்தான், ஆனால் அது வேறு கட்டத்துக்கு உரியது. 'சாராய ஊறல் அழிப்பு' என்று செய்தித்தாளில் வருகிறதே, அந்த ஊறல் புளித்துக்கொண்டிருப்பது. மேஷில் புளிப்பே கிடையாது, புளிக்கவைக்கும் ஈஸ்ட் இன்னும் பொட்டலத்தில்தான் இருக்கிறது. உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைக்கிறோம். முளைவிடும்போது தானியத்தில் உண்டான அமைலேஸ் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. சூடு 65 பக்கம் இருந்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடும், பியர் லேசாக வரும். 68-ஐத் தாண்டினால் ஈஸ்ட் தொடாத மிச்சம் கூடும், வாயில் கனம் தெரியும். 80-ஐத் தொட்டால் நொதிகள் செயலிழந்துவிடும். இதற்கு ஊறல் என்று எழுதினால், புதிதாகப் படிப்பவர் ஈஸ்டை இந்த வெந்நீரிலேயே கொட்டிவிடுவார். அத்தனையும் செத்துப்போகும்.

> மசியல்?

அக்கா, மசியல் என்றால் கடைந்து குழைத்தது. இங்கே குழையவே கூடாது. பார்லியின் உமி முழுசாக இருந்தால்தான் கடைசியில் சர்க்கரை கரைந்த சாறு அடிக்குழாய் வழியே இறங்கும்போது அதுவே வடிகட்டியாக நிற்கும். உமியை நொறுக்கிவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

என் பரிந்துரை 'துழவை'. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் கள் சமைக்கும் இடத்தில் 'அங்களித் துழவை' என்று வருகிறது. அரிசியைத் துழாவிக் காய்ச்சிய கூழ் அது. அதை ஆற்றி, அடை கலந்து, சாடியில் இட்டு, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்ட பிறகே கள். ஆக, புளிக்கும் முன் இருக்கும் கூழுக்கு நம்மிடம் தனிப்பெயர் இருந்திருக்கிறது. பழைய சொல், யாருக்குப் புரியும் என்று கேட்கலாம். 'கட்டி தட்டாமல் துழாவு' என்று இன்றும் கூழ் காய்ச்சும் வீடுகளில் சொல்கிறார்கள். மேஷிலும் முதல் வேலை அதுதான். மால்ட்டை வெந்நீரில் கொட்டியதும் துடுப்பால் துழாவாவிட்டால் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். உருண்டைக்குள் தண்ணீர் போகாது, அங்கே உள்ள மாவு மாவாகவே கிடக்கும்.

நொதியின் வேலையைப் பார்க்க பார்லிகூட வேண்டாம். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவில் கஞ்சி வையுங்கள். முளைகட்டாத மாவில் அதே அளவுக்கு இன்னொன்று வையுங்கள். முதலாவது நீர்த்து ஓடும், இரண்டாவது கெட்டியாக நிற்கும். அத்தியாயத்தின் தொடக்கத்தில் இதைச் சேர்க்க விரும்புகிறேன்.

துழவை நிலைத்துவிட்டால், மேஷ் வைக்கும் பாத்திரமான 'மேஷ் டன்' என்பது 'துழவைப் பெட்டி'. தொட்டி என்று வேண்டாம். செலவில்லாமல் தொடங்குகிறவர்கள் எடுப்பது நம் துறைமுகத்தில் மீனுக்கு வைப்பது போன்ற ஐஸ் பெட்டிதான். மூடி இறுக்கமாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரிதான் இறங்கும். 20 லிட்டர் பியருக்கு மால்ட் நாலைந்து கிலோ, கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர். 25 லிட்டர் பெட்டி தாராளம். அடியில் ஒரு குழாய், உள்ளே எவர்சில்வர் வலைப் பின்னல். அதுவும் வேண்டாம் என்றால் அண்டாவுக்குள் பெரிய வலைத்துணிப் பை; தூக்கினால் சக்கை பையோடு வந்துவிடும்.

முதல் பக்கத்தில் சட்டக் குறிப்பு கட்டாயம் வேண்டும். பிரிட்டனில் வீட்டு பியருக்கான உரிமத்தை 1963-இலேயே எடுத்துவிட்டார்கள். கடலூரில் அப்படியில்லை, 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் இங்கே யாரும் செய்துபார்க்கக் கூடாது.

அப்புறம், ஸ்பார்ஜ். சாறு வடிந்தபின் சக்கையில் ஒட்டிய சர்க்கரையை 75 டிகிரி வெந்நீர் ஊற்றி இறக்குவது. இறங்குவதை, தேங்காயில் இரண்டாம் பால் என்பது போல 'இரண்டாம் சாறு' என்றே எழுதிவிட்டேன். ஊற்றும் செயலுக்கு 'அலசல்' சரிவரவில்லை. அலசினால் கலங்கும், இங்கே சக்கைப் படுகை கலையாமல் மேலே மெதுவாக ஊற்ற வேண்டும். உங்களிடம் சொல் இருந்தால் எழுதுங்கள்.