பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கின் இணைப்பு அறுந்துபோகிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். என்னிடம் 2.5 அங்குல வகையைச் சேர்ந்த 2 டெராபைட் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று உள்ளது. இதற்குத் தனி அடாப்டர் கிடையாது. யூஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரத்தையும் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் இதை இணைத்தால், கோப்புறைகளைத் திறந்து பார்ப்பதிலோ சிறிய ஆவணங்களை எடுப்பதிலோ எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் பெரிய காணொளிக் கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கினால், பாதி வழியில் வேகம் சுழியத்துக்கு இறங்கி அப்படியே நின்றுவிடுகிறது; சற்று நேரத்தில், சாதனம் கழற்றப்பட்டதைத் தெரிவிக்கும் ஒலி கேட்டு, டிஸ்க் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. சில நொடிகளில் அதுவாகவே திரும்பி வருகிறது. சில வேளைகளில், டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்ற அறிவிப்பும் வருகிறது. அதை ஒவ்வொரு முறையும் ரத்து செய்துவிடுகிறேன்.

டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவுங்கள், மின்சேமிப்பு அமைப்பை மாற்றுங்கள், டிஸ்க்கையே மாற்றிவிடுங்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதில் உள்ள குடும்ப ஒளிப்படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் வேறெங்கும் பிரதி இல்லை என்பதால், கண்டதையும் செய்து பார்க்க அஞ்சுகிறேன். எதிலிருந்து தொடங்குவது என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நண்பரே, இது கோப்பு முறைமையின் (எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே உள்ளது என்று கணக்கு வைக்கும் அமைப்பின்) கோளாறாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, செக்டிஸ்க் கட்டளையைப் பழுதுநீக்கும் தெரிவுடன் இயக்கிப் பாருங்கள். அத்துடன் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் (சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தை உறங்கவைக்கும் அமைப்பு) என்பதை டிஸேபிள் செய்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மெண்ட் பகுதியிலும், மின்சாரத்தைச் சேமிக்கக் கணினி இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள்.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னவற்றில் மின்சேமிப்பு அமைப்பை மாற்றுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அருள்கூர்ந்து இப்போதைக்குச் செக்டிஸ்க்கை இயக்க வேண்டாம். அது கோப்பு முறைமையின் குறிப்பேடுகளைத் திருத்தி டிஸ்க்கிலேயே எழுதும் கருவி. திருத்தி எழுதிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் இணைப்பு அறுந்தால், இன்று திறக்கும் கோப்புறைகூட நாளை திறக்காமல் போகலாம். டிஸ்க்கின் பரப்பே பழுதாகியிருந்தால், அதன் முழுப் பரப்பையும் படித்துச் சோதிக்கும் தெரிவு இன்னும் ஆபத்தானது, ஏனெனில் சாகும் தறுவாயில் உள்ள டிஸ்க்கின் மிச்ச ஆயுளைத் தரவை மீட்பதற்குச் செலவிடாமல் சோதனைக்குச் செலவிடுகிறோம். ஃபார்மேட் அறிவிப்பை ரத்து செய்துவந்தது மிகச் சரி. இணைப்பு அரைகுறையாக இருக்கும்போது விண்டோஸால் கோப்பு முறைமையைப் படிக்க முடியாது. படிக்க முடியாததை அது ஃபார்மேட் செய்யப்படாதது என்று எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் விவரிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது, இணைப்பு எப்போது அறுகிறது என்பதுதான். சும்மா இருக்கும்போது அறுந்தால் மின்சேமிப்பு அமைப்பைச் சந்தேகிக்கலாம். செருகியவுடன், டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியிலேயே அறுந்தால் மின்னோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம்: யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியரும், யூஎஸ்பி 3.0 துளை 900 மில்லியாம்பியரும் தர வேண்டும் என்பது வரையறை. இவ்வகை டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது ஏறத்தாழ 1 ஆம்பியர் வரை இழுப்பதுண்டு. உங்களுடையதோ நன்றாகச் சுழன்று, நன்றாகப் படித்து, நெடுநேரம் முழுவேகத்தில் தரவு ஓடும்போது மட்டும் அறுகிறது. எனவே கேபிள், துளை, டிஸ்க்கின் பரப்பு ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எதையும் மாற்றாமல் பார்க்கக்கூடிய இடங்கள் இரண்டு உள்ளன. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் என்ற பகுதிக்குச் சென்று, இணைப்பு அறுந்த நேரத்தில் பதிவாகியுள்ள எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 157 என்பது டிஸ்க் எதிர்பாராமல் கழற்றப்பட்டதைக் குறிக்கும். 129 என்பது பதில் வராததால் சாதனம் ரீசெட் செய்யப்பட்டதையும், 153 என்பது படிப்பதோ எழுதுவதோ மறுபடி முயலப்பட்டதையும் குறிக்கும். 7 என்ற எண் வந்தால் டிஸ்க்கில் பழுதான பகுதி உள்ளது என்று பொருள். அடுத்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவியில் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) திறந்து 05, சி5, சி6, சி7 ஆகிய வரிகளின் மூல மதிப்பைப் பாருங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்றோ கீச்சென்றோ ஒலி வந்தால் இவை எதையும் செய்யாமல் உடனே கழற்றிவிட்டு இங்கே எழுதுங்கள்.

கேட்டவர்

விரிவான விளக்கத்துக்கு நன்றி. அசாதாரண ஒலி எதுவும் இல்லை. இணைப்பு அறுந்த நேரங்களில் 129 வரிசையாகப் பலமுறை வந்து, கடைசியில் 157 பதிவாகியுள்ளது. 7 எங்கும் இல்லை. ஸ்மார்ட் விவரங்களில் 05, சி5, சி6 மூன்றும் சுழியம். சி7 மட்டும் 2 என்று காட்டுகிறது. சி7 என்பது கேபிள் பிழை என்று படித்தேன். அப்படியானால் யூஎஸ்பி கேபிள்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யலாமா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

05, சி5, சி6 மூன்றும் சுழியம் என்பது மிக நல்ல செய்தி. பழுதாகி மாற்றிவைக்கப்பட்ட பகுதியும், படிக்க முடியாமல் தேங்கிநிற்கும் பகுதியும் இதுவரை பதிவாகவில்லை என்பதே அதன் பொருள். ஆனால் சி7-ஐ வைத்து யூஎஸ்பி கேபிளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பலரும் தடுமாறும் இடம் இது. அந்த எண், டிஸ்க்குக்கும் பெட்டிக்குள் இருக்கும் சிறிய சாட்டா மாற்றிப் பலகைக்கும் (டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யூஎஸ்பியாக மாற்றுவது) இடையிலான பிழையை மட்டுமே எண்ணுகிறது. பலகையிலிருந்து கணினி வரை வரும் கேபிளில் நடப்பது டிஸ்க்குக்குத் தெரியவே தெரியாது. 2 என்ற அளவோடு நின்றிருந்தால் கவலையில்லை.

கேபிளைச் சோதிக்க வேறு நல்ல வழி உண்டு. உங்கள் டிஸ்க்கில் உள்ள துளையை உற்றுப் பாருங்கள். அகலமான ஒரு பகுதியும், நடுவில் சிறு இடுக்கும், பக்கத்தில் குறுகலான இன்னொரு பகுதியுமாக அது இரண்டு கூறாக இருந்தால் அது யூஎஸ்பி 3.0 மைக்ரோ பி வகை. அந்த அகலமான கூறு மட்டும் பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளின் மைக்ரோ யூஎஸ்பி கேபிள் பொருந்தும் அளவில்தான் அமைந்துள்ளது. அத்தகைய கேபிள் ஒன்றை அதில் செருகினால் டிஸ்க் யூஎஸ்பி 2.0 வேகத்தில் இயங்கும். சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருக்காது; தரவும் கடத்தும் கேபிளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மின்னோட்டம் போதாமல் டிஸ்க் சுழலத் திணறுவதுபோலத் தெரிந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

யூஎஸ்பி 3.0 கேபிளில் பழைய தரவு இணைக்கு மேல், நொடிக்கு 5 கிகாபிட் வேகத்துக்கென்றே போக ஓர் இணை, வர ஓர் இணை என மெல்லிய கம்பிகள் கூடுதலாக உள்ளன. செருகியின் கழுத்துப் பகுதியில் அடிக்கடி மடங்கி இக்கம்பிகளோ அவற்றின் மேலுறையோ நைந்துபோனால், சிறிய கோப்புகள் தப்பித்துப் போகும். தரவு இடைவிடாமல் ஓடும்போது பிழைகள் குவிந்து, 129 வரிசையாக வந்து, இணைப்பு அறும். யூஎஸ்பி 2.0 வேகத்தில் அக்கம்பிகளுக்கு வேலையே இல்லை என்பதால், அதில் நிலையாக ஓடினால் சந்தேகம் பெரும்பாலும் அவற்றின் மேல்தான் விழும். துளையின் மேலும் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருக்கும். அதைப் பிறகு பார்க்கலாம்.

நிலையாக ஓடினால், அந்த வேகத்திலேயே முதலில் ஒளிப்படங்களையும் குரல் பதிவுகளையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். நொடிக்கு 35 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் 500 கிகாபைட்டுக்குச் சுமார் 4 மணி நேரம் ஆகும். அந்தப் பொறுமை இப்போது மிகவும் தேவை. பிரதி கைக்கு வந்த பிறகு எந்தச் சோதனையையும் அச்சமின்றிச் செய்யலாம்.

மறுமொழி 3

இடையில் ஒரு சேர்க்கை. டிஸ்க்கை ஹப் (ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் கருவி) வழியாக இணைத்திருந்தால் அதைத் தவிர்த்து நேராக மடிக்கணினியில் செருகவும். தனி அடாப்டர் இல்லாத ஹப், ஒரே துளையின் மின்சாரத்தைத்தான் எல்லாச் சாதனங்களுக்கும் பங்கிடுகிறது. லினக்ஸில் இதே சிக்கல் வருபவர்கள் கெர்னல் பதிவில் (இயங்குதளத்தின் மையப் பகுதி எழுதும் பதிவு) யூஏஎஸ் (யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கான வேகமான தரவுப் பரிமாற்ற முறை) என்று தொடங்கும் பிழை வரிகள் உள்ளனவா என்று பார்க்கலாம். சில மாற்றிப் பலகைகள் அந்த முறையில் ஒழுங்காக இயங்குவதில்லை என்பதால், அச்சாதனத்துக்கு மட்டும் அதை முடக்கினால் சரியாகிவிடுவதுண்டு.

கேட்டவர்

பழைய கைபேசிக் கேபிளில் இணைத்ததும் டிஸ்க் வந்தது. முன்பு பாதியில் நின்ற அதே காணொளிக் கோப்புகள் உட்பட எல்லாவற்றையும் இணைப்பு அறாமல் நகலெடுத்துவிட்டேன். வேகம் குறைவு என்றாலும் எங்கும் நிற்கவில்லை. பிறகு குட்டையான புதிய யூஎஸ்பி 3.0 கேபிளை வாங்கி, அதே துளையில் இணைத்து, மீண்டும் பெரிய கோப்புகளை அனுப்பிப் பார்த்தேன். முழுவேகத்தில் நிலையாக ஓடுகிறது; ஈவென்ட் வியூவரில் புதிதாக 129 எதுவும் இல்லை. பழைய கேபிளை வெளிச்சத்தில் பார்த்தபோது, டிஸ்க் பக்கச் செருகியை ஒட்டிய இடத்தில் ரப்பர் உறை விரிசல்விட்டு, உள்ளே இருக்கும் வெள்ளிப் பின்னல் தெரிகிறது. மின்சேமிப்பு அமைப்பைத் தொடவேயில்லை.

மனமார்ந்த நன்றி. குரல் பதிவுகளை எண்ணி உறக்கமின்றி இருந்தேன். இனி நான் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

மிக்க மகிழ்ச்சி. அதே துளையில் புதிய கேபிள் நிலையாக ஓடுவதால் துளையின் மேலிருந்த சந்தேகமும் நீங்கிவிட்டது. பழைய கேபிளை எடுத்துவைக்காமல் எறிந்துவிடுங்கள்; மறதியில் மறுபடி அதையே செருகிவிட வாய்ப்பு உண்டு.

முன்பு இணைப்பு அறுந்தபோதெல்லாம் எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் பாதியில் நின்றிருக்கும். பெயரும் அளவும் சரியாகத் தெரிந்தாலும் உள்ளடக்கம் குறையாக இருக்கலாம் என்பதால், அந்த நாட்களில் டிஸ்க்குக்கு அனுப்பிய காணொளிகளைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். மூலக் கோப்பு கணினியில் இருந்தால் மீண்டும் அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. அதன் பிறகு முதல் மறுமொழியில் நண்பர் சொன்ன செக்டிஸ்க்கை இப்போது தாராளமாக இயக்கலாம். பிரதி இருக்கிறது, இணைப்பும் நிலையாக இருக்கிறது என்பதால் அதற்கு உரிய நேரம் இதுதான். சி7 மதிப்பை எங்காவது குறித்துவைத்து, அடுத்த மாதம் ஒருமுறை பாருங்கள். 2 என்பது ஏறாமல் இருந்தால் பெட்டியைத் திறக்கும் வேலை இல்லை.