தாது வருடப் பஞ்சம்: சந்தையின் குற்றமா, சர்க்காரின் குற்றமா?

வைகைக்கரையான்:
சந்தையை அதன் போக்கில் விட்டால் ஏழைகள் செத்து மடிவார்கள் என்று சொல்ல வருபவர்கள், 1876–78 ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தைத் தவறாமல் சாட்சிக்கு அழைக்கிறார்கள். என்னை லிபர்டேரியன், அதாவது அரசின் தலையீடு குறைவாக இருக்க வேண்டும் என்பவன், என்று சொல்லிக்கொள்பவன் நான். அந்தச் சாட்சி செல்லாது என்பது என் வாதம். சென்னை மாகாணத்தில் அப்போது இருந்தது தடையற்ற சந்தையே அல்ல. ரயத்துவாரி முறையில் சர்க்காரே நிலக்கிழாராக உட்கார்ந்துகொண்டு, குடியானவனிடம் நேரடியாகக் கிஸ்தியைப் பணமாக வசூலித்தது. உப்பு சர்க்காரின் ஏகபோகம். கடலோரத்தில் குடியிருப்பவன் தன் கஞ்சிக்கு வேண்டிய உப்பைத் தானே அள்ளினாலும் அது குற்றம். அந்த உப்பின் மீதான வரியை 1878-இல், பஞ்சத்தில் பிழைத்தவர்கள் எழுந்து நிற்பதற்குள், உயர்த்தவும் செய்தார்கள். நல்ல மழை பெய்த ஆண்டுகளிலெல்லாம் மடியிலிருந்ததை உருவிக்கொண்டு, மழை பொய்த்த ஆண்டில் மட்டும் ‘வியாபாரிகள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று கைகழுவிய ஓர் ஆட்சியின் பழியைச் சந்தையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பழங்கணக்கர்:
கிஸ்தி, உப்பு இரண்டிலும் நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் கைகழுவிய அதிகாரிகள் அந்தப் பாடத்தை எங்கே படித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். தானியத் தட்டுப்பாட்டைப் பஞ்சமாக மாற்றுவது அரசின் முறையற்ற தலையீடுதான் என்று பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவித்த, இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில், மக்கள்தொகை பற்றி எழுதிய மால்தஸே பொருளாதாரம் கற்பித்தார். அந்த வழிவந்த நிர்வாகம் 1866-இல் ஒரிசாவில் அரிசி இறக்குமதி செய்ய மறுத்து, விலை ஏறினால் சரக்கு தானே வரும் என்று காத்திருந்தது. பருவமழையில் துறைமுகங்கள் அடைபட்டபின் விழித்துக்கொண்டது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள்.

இதற்கு நேர்மாறான சோதனையும் நடந்திருக்கிறது. 1873–74-இல் பீகாரில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பர்மாவிலிருந்து சர்க்கார் செலவில் அரிசியை வரவழைத்தார். பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லாமலே பஞ்சம் கடந்தது. அதற்காக அவருக்குக் கிடைத்தது ஊதாரி என்ற வசை. அதே டெம்பிளைத்தான் 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு சென்னைக்கு அனுப்பினார். இம்முறை வசை வாங்க அவர் தயாராக இல்லை. சர்க்காரின் பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது இன்றைய கணக்கில் 450 கிராம். அரிசியானால் சுமார் 1,600 கலோரி. வெயிலில் நாள் முழுவதும் சம்மட்டி பிடிப்பவனுக்கு இது சோறா, நாள் கடத்தும் தண்டனையா என்று நீங்களே சொல்லுங்கள். சென்னை சர்க்கார் 30,000 டன் தானியத்தை வாங்கி வைத்தபோது, தனியார் வியாபாரத்தைக் கெடுக்கிறீர்கள் என்று மேலிடமான இந்திய சர்க்கார் கண்டித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்லூர்க் கிழார்:
இடையில் ஒரு சொல். சரக்கு வரவில்லை என்பது முழு உண்மை அல்ல. தனியார் வியாபாரிகளின் தானியம் கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்து இறங்கியது. பல்லாரி போன்ற உள்மாவட்டங்களில் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகவேண்டிய மூட்டைக்கு வண்டியில்லை, ஏனெனில் மாடுகள் செத்துவிட்டன. மூட்டை போய்ச் சேர்ந்த ஊரிலும் வாங்குகிறவன் கையில் காசில்லை. விலை என்பது பசியின் அளவைக் காட்டுவதில்லை, பசித்தவன் பையில் உள்ளதையே காட்டுகிறது. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் விரிவாக வாதிட்டதும் இதை ஒட்டியதே.

வைகைக்கரையான்:
கிழார் சொல்வது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது: பையைக் காலி செய்தது யார்? தவிர, லிட்டனைச் சுதந்திர வணிகத்தின் பிரதிநிதி என்று ஏற்க என்னால் இயலாது. பஞ்சம் உச்சத்திலிருந்த 1877 ஜனவரி முதல் நாளில், விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க டில்லியில் தர்பார் நடத்தியவர் அவர். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டபோது அதையும் அவர் விரும்பவில்லை. ஆயினும் இங்கிலாந்திலிருந்து 6 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. இங்கிலாந்தில் தானிய இறக்குமதிக்கு வரி விதித்த, 1846-இல் ஒழிக்கப்பட்ட தானியச் சட்டங்களை எதிர்த்துப் போராடிய சுதந்திர வணிகவாதி ரிச்சர்ட் காப்டனோ, இந்தியாவைப் பிரிட்டன் ஆள்வதையே எதிர்த்தவர்.

நமக்கு அருகிலுள்ள சான்றும் இருக்கிறது. 1952-இல் முதலமைச்சரான ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாடுகளை நீக்கினார். பதுக்கலும் பட்டினியும் பெருகும் என்று பயமுறுத்தியவர்கள் ஏமாந்தார்கள்.

பழங்கணக்கர்:
1952-ஐச் சொல்பவர் 1947 டிசம்பரையும் சொல்ல வேண்டும். காந்தியடிகள் வற்புறுத்தியதன் பேரில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோது விலைகள் பாய்ந்தன. 1948-இலேயே கட்டுப்பாடு திரும்பி வந்தது. ஒரே மருந்து ஒருமுறை பலித்தது, ஒருமுறை பலிக்கவில்லை என்றால், மருந்தைவிடக் காலமும் கையிருப்பும் முக்கியமாக இருந்திருக்கின்றன என்றுதான் நான் படிப்பேன்.

நல்லூர்க் கிழார்:
1880-இன் பஞ்சக் கமிஷனைத் தொடர்ந்து 1883-இல் வந்த பஞ்ச விதித்தொகுப்பை இருவரும் பாருங்கள். அது தானிய வியாபாரத்தில் கைவைக்கவில்லை. பஞ்சம் அறிவிக்கப்பட்டால் வேலையும் கூலியும் தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. காசு கைக்கு வந்தால் மூட்டை தேடி வரும் என்பதே அதன் கணக்கு.

வைகைக்கரையான்:
அந்த ஏற்பாட்டுடன் எனக்குப் பெரிய சண்டை இல்லை, வியப்பாக இருக்கலாம். என் அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. கூலி எவ்வளவு என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரே மேசையில் குவிந்திருக்கும்போது, அங்கே டெம்பிள் வந்து உட்கார்ந்தால் லட்சக்கணக்கானவர்களின் சோறு ஒரு கையெழுத்தில் ஒரு ராத்தலாகிவிடுகிறது. ஆயிரம் வியாபாரிகளில் ஒருவனுக்கும் அந்தப் பலம் கிடையாது.

பழங்கணக்கர்:
அந்த ஒரு ராத்தல் உயிர் தாங்காது என்று அறிக்கைமேல் அறிக்கையாக எழுதி, 1877-இல் கூலியை ஓரளவு உயர்த்த வைத்தவர் டாக்டர் கார்னிஷ். அவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். சர்க்காரிடம் சம்பளம் வாங்கியவர்தான்.