உட்கருத் துளை அழிகிறதா, பிரிகிறதா?

தமிழ்வாணி, ரோஸ்ஹில்:
"செல் பகுப்பின்போது உட்கருத் துளைகள் அழிந்துவிடும்" என்று குமரன் ஐயா நேற்று மாணவர்களுக்கு எழுதியிருக்கிறார். படித்ததும் வயிறு எரிந்தது. உட்கருவைச் சூழ்ந்த உறையில் பொருள்கள் போய்வரும் வாயில்கள் அவை. அவை அழிவதில்லை ஐயா, பிரிகின்றன. ஒவ்வொரு துளையிலும் ஏறத்தாழ 30 வகைப் புரதங்கள் எட்டுக் கூறுகளாக வட்டமாகக் கோத்து நிற்கின்றன. சிடிகே1 முதலிய நொதிகள் அவற்றின்மேல் பாஸ்பேட்டை ஏற்றியதும் பிடி தளர்கிறது. முதலில் கழல்பவற்றில் ஒன்று நூப் 98 என்ற துளைப் புரதம். அதில் பாஸ்பேட் ஏறாதபடி மாற்றினால் துளை பிரிவதே தாமதமாகிறது என்று 2011இல் சூரிக்கில் உல்ரிக்கே குட்டாய் குழுவினர் காட்டினார்கள்.

குமரன், திரியோலே:
உறையே கிழிந்த பிறகு துளை ஏது அம்மா? சுவர் இடிந்த வீட்டில் ஜன்னல் எங்கே இருக்கும்? அழிந்ததுதான்.

தமிழ்வாணி:
உறை கிழியும் முன்பே நூப் 98 கழன்றுவிடுகிறது. துளைப் புரதங்கள் சில சேர்ந்த ஒய் (Y) வடிவத் தொகுதி கலையாமல் விலகுகிறது. அதில் ஒரு பங்கு குரோமோசோமின் கைனட்டோகோரில், அதாவது குரோமோசோமை இழுக்கும் இழைகள் பற்றும் இடத்தில், போய் அமர்கிறது. சவ்வில் பதிந்த புரதங்கள் எண்டோபிளாச வலை என்ற செல்லின் உட்சவ்வு வலைக்குள் போகின்றன. பகுப்பு முடியும்போது அவையே திரும்பிவந்து கோத்துக்கொள்கின்றன. தைப்பூசம் முடிந்ததும் காவடியைப் பிரிக்கிறோம். வாடிய பூவை எடுத்துவிட்டு, மரச்சட்டத்தின் மஞ்சள் கறையைத் துடைத்துப் பரணில் வைக்கிறோம். காவடி அழிந்தது என்று எவராவது சொல்வார்களா?

குமரன்:
பூ குப்பைக்குப் போகிறதல்லவா? பாதி அழிந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

வேலு, போர்ட் லூயிஸ்:
ரொட்டி ஈஸ்டில் துளைகள் பிரிவதே இல்லை. உறை மூடியபடியே உட்கரு இரண்டாகிறது. இருவரும் "செல்" என்று பொதுவாக எழுதுவது தவறு.

தமிழ்வாணி:
ஈஸ்டை யார் கேட்டது தம்பி? பேச்சு மனிதச் செல்லைப் பற்றியது. குமரன் ஐயா, பூவைப் பிடித்துத் தொங்காதீர்கள். புரதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

குமரன்:
சட்டம் கட்ட ஒரு நாளாவது கோயில் பக்கம் வந்திருக்கிறீர்களா? நான் ஆண்டுதோறும் கட்டுகிறேன். போன ஆண்டு பிரித்துப்போட்ட சட்டம் மழையில் மக்கிப்போனது. அதுவும் பிரிவுதானா?

தமிழ்வாணி:
அதை மழையில் போட்டவர்கள் உங்கள் குழுவினர். பூக்கட்டும் பெண்களிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் எடுத்து வைத்திருப்போம். அன்றும் நீங்கள் கேட்கவில்லை. அழித்துவிட்டால் செல் அத்தனை புரதங்களையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். பிள்ளைகள் தேர்வில் அழிகிறது என்று எழுதினால் மதிப்பெண்ணுக்கு யார் பொறுப்பு? பிரிகிறது, பிரிகிறது, பிரிகிறது.

வேலு:
ஈஸ்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

குமரன்:
உறை இல்லையென்றால் துளை இல்லை. கோயில் குழுவைப் பற்றிப் பேசியதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.