லோடர் பொருத்திய பழைய சிறு டிராக்டர்: பக்கெட் தானாக இறங்குகிறது, வாங்கலாமா?

கேள்வி (சேரன்மகாதேவி)

வணக்கம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எனக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. பாதியில் ஏத்தன் வாழையும் மீதியில் நெல்லும் வைத்திருக்கிறேன். எருக்குழியிலிருந்து டிரைலரில் எரு ஏற்றவும், குளத்து வண்டலை வயலில் பரப்பவும் ஒவ்வொரு முறையும் ஜேசிபியை வாடகைக்கு அழைப்பது கட்டுப்படியாகவில்லை. ஆகவே பக்கெட்டால் அள்ளித் தூக்கும் முன்பக்க லோடருடன் 24 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. லோடர் மட்டும் பிற்பாடு பட்டறையில் செய்து பொருத்தியது. எரு நிரம்பிய பக்கெட்டை உயர்த்தி நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் ஒரு சாண் இறங்கிவிடுகிறது. சிலிண்டரில் ஆயில் கசியாமல் அடைக்கும் வளையமான சீலை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். பிசான நெல் பருவத்துக்கு முன் வாங்கிவிட வேண்டும். இந்தக் குறையோடு வாங்கலாமா?

மறுமொழி (அம்பாசமுத்திரம், டிராக்டர் பட்டறை)

அண்ணாச்சி, அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் ஏற்காதீர்கள். பக்கெட் இறங்குவதற்கு, ஆயில் அழுத்தத்தால் லோடரைத் தூக்கும் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சீலும் காரணமாகலாம், லீவருக்குக் கீழே உள்ள வால்வும் காரணமாகலாம். முன்னதற்குச் செலவு குறைவு. வால்வுக்குள் ஓடி ஆயிலின் வழியைத் திறந்து மூடும் ஸ்பூல் என்ற தண்டு தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வால்வையே மாற்ற நேரும்.

லோடரின் கையை முழுவதும் உயர்த்தி, கீழே உறுதியான முட்டுக் கொடுத்த பிறகு, எஞ்சினை நிறுத்தி லீவரை அசைத்து பிரஷரை வெளியேற்றிவிட்டு, சிலிண்டரில் பிஸ்டனின் தண்டான ராடு வெளிவரும் பக்கத்து ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைக்கச் சொல்லுங்கள். பிறகு எஞ்சினை ஓட்டி லீவரை உயர்த்தும் பக்கம் பிடித்திருந்தால், சிலிண்டரின் திறந்த துளையில் ஆயில் நிற்காமல் வரும்போது சீல் போய்விட்டது என்று பொருள். வராவிட்டால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். தூக்கிய கைக்கு அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது. அரை மணி நேரம் வேலை வாங்கி ஆயில் சூடேறிய பின்பே சோதியுங்கள், குளிர்ந்த ஆயில் கசிவை மறைத்துவிடும். ராடின் மேற்பூச்சில் துரு அரித்த குழிகள் இருந்தால் புதுச் சீலும் வெகுநாள் நிற்காது.

மறுமொழி (கல்லிடைக்குறிச்சி, விவசாயி)

பக்கெட்டை விட முன் ஆக்சில்தான் எனக்குக் கவலை தருகிறது. இரு சக்கர இழுவையுள்ள சிறிய வண்டியில் லோடர் மாட்டி, இரண்டாம் ஆண்டே முன் ஆக்சிலை உடைத்தவன் என்பதால் சொல்கிறேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர் என்றும், எருவின் பாரம் முன் ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் தொங்குகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 200 கிலோ எருவைத் தூக்கும்போது முன் ஆக்சிலில் 400 கிலோ கூடுகிறது, பின் ஆக்சிலில் 200 கிலோ குறைகிறது. வரப்பேறும்போது பின்சக்கரம் பிடிப்பிழந்து சுற்றுவதும், வண்டி கவிழ்வதும் இதனால்தான். பின் ஆக்சிலுக்கு முக்கால் மீட்டர் பின்னால் 200 கிலோ எதிர்ப்பாரம் கட்டினால் பின்னே 300 கிலோ கூடி, முன்னே 100 கிலோ குறையும். எதிர்ப்பாரம் இல்லாமல் இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், சக்கரம் திரும்பும் முளையில் உள்ள கிங்பின் புஷ்ஷோ சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் பேரிங்கோ தேய்ந்திருக்கும். ஆக்சிலின் நடு முளையைக் கடப்பாரையால் நெம்பிப் பார்ப்பதும் அவசியம். நம் பக்கத்து வண்டி என்றால் தொழியில், அதாவது சேற்று வயலில், இறங்காமல் இருந்திருக்காது. சேறும் நீரும் சீலைத் தாண்டி உள்ளே போயிருக்கக்கூடும். முன் ஆக்சிலின் ஆயில் போல்ட்டைத் தளர்த்திச் சிறிது எடுத்தால், நீர் கலந்து மோர் நிறத்தில் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். லோடரின் சட்டம் எஞ்சினுக்குப் பின்னால் வண்டியின் நடுவில் இருக்கும் கிளட்ச் ஹவுசிங்கில் மட்டும் பிடித்திருக்கிறதா, பின் ஆக்சில் வரை நீண்டிருக்கிறதா என்பதையும் குனிந்து பாருங்கள். முன்னது வண்டியின் இடுப்பையே முறித்துவிடும். வெல்டிங்கின் மேல் மட்டும் புதிய பெயிண்ட் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஆர்சியில் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததாகக் கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் 35 கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்று மெக்கானிக்குடன் சென்று பார்த்தேன். திறந்த துளையில் ஆயில் வந்தது, ஆகவே சீல்தான். ராடும் வழவழப்பாக இருந்தது. ஆனால் இடது முன்சக்கரம் கையிலேயே ஆடியது, ஆயிலும் மோராகத்தான் வந்தது. சட்டம் கிளட்ச் ஹவுசிங்கோடு நின்றுவிட்டது. ஆக்சிலைப் பிரித்துப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்பதால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். இந்தப் பிசானத்துக்கு எருவை ஆள் வைத்தே ஏற்றிக்கொள்கிறேன்.

மறுமொழி (கல்லிடைக்குறிச்சி, விவசாயி)

நல்லது, அண்ணாச்சி. அடுத்த வண்டியைப் பார்க்கப் போகும்போது ஜாக்கியை நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.