ச–த சோடியில் மட்டும் பிள்ளைகள் தடுமாறுவது ஏன்?

வாவிக்கரை:
தரம் 7 பிள்ளைகளுக்குத் தொடர் அனுமானப் பரிசோதனை: அடுத்தடுத்த சோடிகளைக் காட்டி, காட்டாத சோடியை ஊகிக்கச் சொல்வது. ஐந்து அட்டைகள். க–ச, ச–ட, ட–த, த–ப என்று நாலு சோடி, முதலாவதுதான் வெல்லும். ஒரு சோடி பிடிபட்ட பிறகே அடுத்தது. காட்டாத சோடிகளில் க–ப எல்லாரும் சரி. ச–த கேட்டால் பாதிப்பேர் 'த' என்கிறார்கள். வரிசையே மனதில் உருவாகவில்லையா?

மருதமுனை டீச்சர்:
தம்பி, க–ப சரி வந்ததை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. க ஒருநாளும் தோற்பதில்லை, ப ஒருநாளும் வெல்வதில்லை. வரிசை தெரியாமலே சொல்லலாம். ச–த தான் உரைகல்: இரண்டும் ஒரு சோடியில் வெல்லும், ஒரு சோடியில் தோற்கும். 1997இல் டுசெக், ஐக்கன்பாம் என்ற ஆய்வாளர்கள் மணங்களை வைத்து எலிகளிடம் இதைத்தான் சோதித்தார்கள். மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸின் தொடர்பு அறுந்த எலிகள் நாலு சோடியையும் கற்றன, நடுச் சோடியில் விழுந்தன.

ஆனால் உங்கட சிக்கல் பயிற்றிய முறையில் இருக்கலாம். பிடிபடும்வரை காட்டினீர்கள், சரி, த–ப எத்தனை தரம் போனது? அது கூடினால் த வென்ற தரமும் கூடும், பிள்ளை அந்த வெற்றியை நம்பியே த-வைத் தொடும். நாலையும் சம தடவை, கலந்து, இடம் வலம் மாற்றிக் காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 10க்கு 8 சரி வந்த பிறகு சோதியுங்கள். சோதனையில் சரி பிழை சொல்ல வேண்டாம், சொன்னால் அதுவும் பயிற்சியாகிவிடும்.

அக்கரையான்:
எழுத்துகளையும் மாத்துங்கோ. க ச ட த ப ஏற்கனவே பாடமான வரிசை. அனுமானமா நெடுங்கணக்கா என்று பிரிக்க ஏலாது. அர்த்தமில்லாத கோட்டுருவங்கள் போதும்.

ஏழு அட்டை வைத்தால் இன்னும் நல்லம். ஓரத்து இரண்டையும் விட்டாலும் காட்டாத சோடி ஆறு கிடைக்கும், ஐந்தில் ஒன்றே ஒன்றுதான். விடை சொல்லும் நேரத்தையும் அளவுங்கள். படிப்படியாக நடந்து தேடினால் தூரச் சோடிக்கு நேரம் கூட வேணும். நடப்பது மறுதலை. மட்டக்களப்புக்குக் கிட்ட காத்தான்குடியா அக்கரைப்பற்றா என்றால் விடை உடனே வரும், சாய்ந்தமருதா காரைதீவா என்றால் ஒரு கணம் நிற்போம். உறவுகள் ஒரு கோட்டில் இடம்பிடித்ததன் தடயம் அது. 2016இல் வந்த ஆய்வொன்றில், கழுத்தும் காலும் நீண்டு குறுகும் பறவைப் படங்களை மனதில் மாற்றியபோதும் ஹிப்போகேம்பஸுக்கு அடுத்துள்ள என்டோரைனல் கோர்டெக்ஸ் என்ற மூளைப் பகுதியின் செயற்பாட்டில் அறுகோண ஒழுங்கு தெரிந்தது. இடத்தை அளக்கும் கட்டக் கலங்களின் அதே ஒழுங்கு!

மருதமுனை டீச்சர்:
பிறகு புது உருவங்கள் ஏழு கொடுத்துப் பாருங்கள். முதல் தொகுதியை விட விரைவாகப் பிடித்தால் வரிசை என்ற அமைப்பு கைமாறியிருக்கலாம். வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் தொடர்பில்லாத தனிச் சோடிகள் படித்த இன்னொரு குழுவும் வேணும்.

வாவிக்கரை:
எண்ணிப் பார்த்தேன் டீச்சர். க–ச 12 தரம், த–ப 31. உருவங்களை இன்றைக்கே வரைகிறேன்.