டேக் இருந்தால் போதுமா?

கம்பம்மெட்டு:
"ஜிசிஎம்மில் டேக் இருக்கிறது, லைசென்ஸ் ஃபைலுக்குக் கையொப்பம் தனியாக எதற்கு?" என்று குமுளிக்காரன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கடைகளுக்குக் கொடுக்கும் பில்லிங் புரோகிராமின் லைசென்ஸ் ஃபைலை ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற முறையில் பூட்டுகிறோம்; ஃபைல் மாறியதா என்று காட்ட அது கூடவே ஒட்டும் அடையாளம்தான் டேக். தம்பி, அந்த ஏஇஎஸ் சாவி எங்கிருந்து வருகிறது? கடைக்காரர் கையில் இருக்கும் லைசென்ஸ் கீயை எஸ்எச்ஏ-256 (யார் போட்டாலும் ஒரே விடை தரும் கணக்கு) போட்டு எடுத்ததுதானே? அவரே ஃபைலைத் திறப்பார், காலாவதி 2026 என்பதை 2036 ஆக்குவார், அதே சாவியால் பூட்டுவார். புது டேக் கச்சிதமாகப் பொருந்தும். தராசுக்குக் கடைக்காரரே முத்திரை குத்திக்கொண்ட கதை! ஈடி25519 கையொப்பம் என்றால் அதைப் போடும் ரகசியச் சாவி நம்மிடம். புரோகிராமில் அதைச் சரிபார்க்கும் 32 பைட் பொதுச் சாவி மட்டும்.

குமுளிக்காரன்:
16 பைட் டேக். ஒரு பிட் மாறினாலும் பைத்தான் மொழி இன்வேலிட்டேக் (டேக் பொருந்தவில்லை) என்று கத்தும். மாற்றிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கம்பம்மெட்டு:
சாவி இல்லாமல் மாற்றினாய், கத்தியது. சாவியோடு மாற்றிப் பார்.

குமுளிக்காரன்:
ஏலக்காய் எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு மலைப்பாம்புதான் தெரியும், பைத்தான் தெரியாது. டேக் போதும்.

போடிக்காரன்:
அண்ணே, பாடம் நடத்துவது சரி. போன வருஷம் எனக்குக் கொடுத்த பில்லிங்கில் 'இஃப் வெரிஃபை' (சரிபார்ப்பு 'உண்மை' என்று சொன்னால் மட்டும் திற) என்று எழுதி, நல்ல லைசென்ஸையே தள்ளியது யார்? கையொப்பம் சரியாக இருந்தால் வெரிஃபை 'நன்' (ஒன்றுமில்லை) தான் திருப்பும், அதை இஃப் பொய் என்றே எடுக்கும்; தப்பென்றால்தான் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு). ஏலத்தன்று காலையில் பில் போட முடியாமல் நின்றது நான்.

கம்பம்மெட்டு:
அன்று மத்தியானமே சரிசெய்தேன். நீதான் போனை எடுக்கவில்லை. பாக்கிப் பணமும் இன்னும் வரவில்லை, அது வேறு. மறுபடி சொல்கிறேன்: முதலில் கையொப்பத்தைச் சரிபார், அப்புறம் டிக்ரிப்ட் (பூட்டைத் திற). அதுவும் எந்த பைட்டுகளுக்குக் கையொப்பம் போட்டோமோ அதே பைட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். ஜேசன் வடிவில் இருக்கும் தகவலைப் பிரித்து மறுபடி டம்ப் செய்தால் (எழுதினால்) ஒரு இடைவெளி மாறும், போச்சு.

குமுளிக்காரன்:
பைத்தான் தொகுத்து வைக்கும் பைசி ஃபைலை டிகம்பைல் செய்து (மறுபடி புரோகிராம் வரிகளாக்கி) அந்த வெரிஃபை வரியையே ஒருவன் தூக்கிவிட்டால்?

கம்பம்மெட்டு:
பூட்டை உடைப்பவனும் கள்ளச்சாவி போடுகிறவனும் ஒன்றா? பேச்சை மாற்றாதே. குமுளிக்குப் போனால் எல்லோரும் இப்படித்தான் ஆகிவிடுகிறீர்கள்.

குமுளிக்காரன்:
ஊரை இழுக்காதீர்கள். கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் இங்கே முல்லைப் பெரியாறு அணையிலிருந்துதான் வருகிறது.

போடிக்காரன்:
அணைக்கு வந்தாச்சு. நான் சாப்பிடப் போகிறேன்.

கம்பம்மெட்டு:
பாக்கியைப் போட்டுவிட்டுப் போ.

குமுளிக்காரன்:
16 பைட்.