மகனுக்கு இளைப்பு, ஊதினால் 17. மகளுக்கு ஒன்றுமில்லை, 44. இது வம்சமா?

வண்ணார்பேட்டைக்காரி:
அண்ணாச்சிமார், அக்காமார் யாருக்காவது விவரம் தெரிந்தால் சொல்லுங்கள். மகனுக்கு ஏழு வயது, ஆனியில் மேல்காற்று வீசத் தொடங்கினாலே ராத்திரியெல்லாம் இருமி கடைசியில் இளைப்பில் கொண்டு விட்டுவிடும். போன வாரம் பாளையங்கோட்டையில் நெஞ்சு டாக்டரிடம் காட்டியபோது ஒரு சின்னக் கருவியில் ஊதச் சொன்னார்கள், மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு என்று பார்ப்பதாம். அவனுக்கு 17. கூட வந்த மகளுக்குப் பதினொரு வயது, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மற்றபடி இளைப்பு கிடையாது. சரி, அவளும் ஊதட்டும் என்றார், பார்த்தால் 44! மாமனாருக்குப் பல வருஷமாக இளைப்பு, பீடியும் விடவில்லை, அவருக்கு 11தான் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அத்தை, "எங்க வழியில இது கெடையாது, உங்க அம்மை வழிதான்" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த எண் ரத்தத்தில் வருகிறதா, மகளுக்கும் ஆஸ்துமா வருமா?

பாளையங்கால்:
இந்தக் கருவிப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறவன் சொல்கிறேன். அந்த எண் மூச்சுக்காற்றின் நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு நைட்ரிக் ஆக்சைடு என்பது. குழந்தைகளுக்கு 20க்குக் கீழே குறைவு, 35க்கு மேலே அதிகம், பெரியவர்களுக்கு 25, 50 என்று வைத்துப் பார்ப்பார்கள். அது காட்டுவது மூச்சுக்குழாயில் அலர்ஜி வகை அழற்சி எவ்வளவு என்பதைத்தான், ஆஸ்துமா உண்டா இல்லையா என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. அலர்ஜித் தும்மல் இருந்தாலே ஏறும். ஊதுவதற்கு முன்னால் கீரை, பீட்ரூட் சாப்பிட்டாலும் ஏறும், சளிக்காய்ச்சலிலும் ஏறும். புகை பிடிப்பவர்களுக்கு இறங்கிவிடும், அதனால் உங்கள் மாமனாரின் 11ஐ வைத்து வம்சத்தை முடிவு செய்ய வேண்டாம். நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றும் அதற்கு அர்த்தமில்லை. ஒன்று கேட்கிறேன், பையன் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறானா?

சேரன்மாதேவி அக்கா:
வம்சம் பற்றி நான் சொல்கிறேன், கல்லூரியில் மரபியல் எடுக்கிறவள். ஆமாம், ரத்தத்தில் வருகிறது, நல்ல அளவிலேயே. நார்வேயில் இரட்டையர்களை வைத்துப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆளுக்கு ஆள் இந்த எண் மாறுவதில் சுமார் 60 சதவீதம் மரபணுவால் என்று கணக்கு வந்தது. மூச்சுக்குழாயின் உள்தோல் செல்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இந்த வாயுவைத் தயாரிக்கின்றன, அந்த நொதிக்கான மரபணு என்ஓஎஸ்2, 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அலர்ஜி வந்தால் ஐஎல்-13 மாதிரியான சமிக்ஞைகள் அதை முடுக்கிவிடும். அதே ஆர்ஜினினை ஆர்ஜினேஸ் என்று இன்னொரு நொதியும் தனக்கு இழுக்கும், அந்த மரபணுக்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது 2014இல் வந்த ஒரு பெரிய ஆய்வு. ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகள் எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்களின் மரபணுவை அலசியதில் மூன்று மாற்றங்கள் தட்டுப்பட்டன, மூன்றும் அந்த 17ஆம் குரோமோசோமிலேயே. என்ஓஎஸ்2 பக்கம் உள்ளவை எண்ணைத்தான் மாற்றுகின்றன. சற்றுத் தள்ளி ஜிஎஸ்டிஎம்பி என்ற மரபணுவுக்கு அருகில் இருப்பதுதான் ஆஸ்துமாவோடும் சேர்ந்து வருகிறது. அதாவது எண்ணை ஏற்றும் மரபும் ஆஸ்துமாவைத் தரும் மரபும் கொஞ்சம் ஒன்று, கொஞ்சம் வேறு. ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு எண்ணும் இன்னொரு பிள்ளைக்கு இளைப்பும் வருவது நடக்கக்கூடியதுதான். இதில் எனக்கே பிடித்த விஷயம், அந்த மூன்று மாற்றங்களையும் கூட்டினாலும் எண்ணின் வேறுபாட்டில் 1 சதவீதம்கூடத் தேறவில்லை. இரட்டையர் கணக்கு சொல்லும் 60 எங்கே, இது எங்கே! மிச்சம் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்களில் சிதறிக் கிடக்கலாம். அதனால் அம்மை வழியா அப்பா வழியா என்று அத்தை பஞ்சாயத்து வைத்தால், இரண்டு வழியும்தான் என்று சொல்லிவிடுங்கள்.

கடனாநதி:
மரபணு எல்லாம் சரிதான் அக்கா, வீட்டுக்குள்ளே தாத்தா பீடி இழுக்கிறாரே, அதை யார் பார்ப்பது? எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள், புகையிலைத் தூசிக்கே பிள்ளைகள் இருமும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி வேறு. வம்சத்தை மாற்ற முடியாது, தாத்தாவைத் திண்ணைக்கு, திண்ணைக்குக் கூட இல்லை, தெருவுக்கே அனுப்பலாம்.

வண்ணார்பேட்டைக்காரி:
நன்றி அக்கா, அண்ணாச்சி. ஆமாம், சித்திரையிலிருந்து காலையும் ராத்திரியும் ஸ்டீராய்டு இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்துக் கொடுக்கிறேன். இப்போது 17 வந்துவிட்டதே, நிறுத்திவிடலாமா?

பாளையங்கால்:
நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அந்த மருந்து சில நாளிலேயே எண்ணை இறக்கிவிடும், அழற்சி அடங்கியிருப்பதால் 17 வந்திருக்கலாம். மருந்துக்கு முன்னால் ஊதியிருந்தால் வேறு எண் வந்திருக்கலாம். எண் குறைந்தும் இளைப்பு தொடர்ந்தால் ஸ்பேசரில் ஒழுங்காக இழுக்கிறானா என்று டாக்டர் முன்னால் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், அலர்ஜி அல்லாத வகை ஆஸ்துமாவிலும் எண் ஏறாது, அதையும் அவர் யோசிப்பார். மகளுக்கு 44 என்பதற்காக இன்ஹேலர் தொடங்க வேண்டியதில்லை, முதலில் மூக்கைக் காட்டுங்கள். ஓடினால் இருமல், ராத்திரி விசில் சத்தம் இப்படி எதுவும் தெரிந்தால் ஸ்பைரோமெட்ரி, அதாவது பலமாக ஊதவைத்து நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறது என்று அளக்கும் சோதனை, எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் நைட்ரிக் ஆக்சைடை முதலில் ஊத வேண்டும், ஸ்பைரோமெட்ரிக்கு அப்புறம் ஊதினால் எண் குறைத்துக் காட்டும்.